மோர்க்காரி நாடகத்தின் மேல் வந்த வழக்கு

மணவாசல் ராஜ்யத்தில் நாடகம் போட அரண்மனை மானியம் வேண்டும். மானியம் வேண்டுமென்றால் நாடகத்தில் மன்னரைப் புகழ வேண்டும். அலர்மேலு என்ற கூத்துக்காரி இரண்டையும் விட்டுவிட்டாள். தன் வளையல்களை விற்று, தன் ஆட்களை வைத்தே ஒரு காதல் நாடகம் போட்டாள். சந்தைத் திடலில் கூட்டம் நெரிந்தது.

அவைப்புலவர் அகோரனாருக்குப் பொறுக்கவில்லை. அவளையும் அவள் கூட்டத்தையும் சபைக்கு இழுத்துவந்தார்.

"மன்னா, அது நாடகமே அல்ல. காதலும் இல்லை, சிரிப்பும் இல்லை. இவர்களை நாடு கடத்த வேண்டும்."

மன்னர் வீரகேது கேட்டார்: "நீர் பார்த்தீரா?"

"நாலு முறை. குறைகளை எண்ண ஒரு முறை போதவில்லை."

மன்னர் மந்திரி செங்கோடனைப் பார்த்தார்.

செங்கோடன் எழுந்தான். "புலவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தண்டனை ஓலையில் குற்றத்தையும் எழுத வேண்டுமே. இருப்பதிலேயே மோசமான காட்சியை அவரே சொல்லட்டும்."

அகோரனார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு கொல்லன். மோர்க்காரிமேல் ஆசை. இரும்பை வளைக்கிறவனுக்கு நாக்கு வளையவில்லை. அவளைப் பார்த்ததும் 'மோர் கொடு' என்கிறான். குடிக்கிறான். மறுபடி வாயைத் திறக்கிறான். மறுபடியும் 'மோர் கொடு!' இப்படியே ஒரு பானை. இதுவா காதல்?"

சேனாதிபதி மீசையைத் தடவுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

"மறுநாளும் ஒரு பானை. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'உன்னைக் கட்டிக்க வந்தேன்' என்கிறான். அவள் வெட்கப்பட வேண்டாமா? 'தெரியும். அதான் நேத்திலேர்ந்து வெறும் தண்ணியா ஊத்தறேன். ஒரு மனுஷன் எவ்வளவு மோர்தான் குடிப்பான்?' என்கிறாள்!"

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சபையே சிரித்தது.

"இதில் சிரிக்க ஒன்றுமில்லை!" என்று அகோரனார் கத்தினார். சிரிப்பு இன்னும் கூடியது.

அது அடங்கும்வரை செங்கோடன் காத்திருந்தான். அவனும் சிரிக்கவில்லை.

"மன்னா, சிரிப்பே இல்லையென்று சாட்சி சொன்னவர் வாயால் கேட்டே இந்தக் கதி. இவர்களே நடித்தால் சபை தாங்காது. புலவர் சொன்னபடி நாடு கடத்திவிடலாம். பகை மன்னன் வயிறு புண்ணாகட்டும்."

"பகைவனுக்கா? இந்தச் சிரிப்பையா?" மன்னர் தண்டனை எழுத எடுத்துவைத்திருந்த ஓலையைக் கிழித்துப் போட்டார். முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்கு வீசினார். "நாளைக்கு அரண்மனையில் நாடகம். அலர்மேலு, என்ன வேண்டும், கேள்."

அலர்மேலு கும்பிட்டாள். "கொல்லன் வேஷக்காரனுக்கு நெசமாவே வயிறு கெட்டுப்போச்சு, மகாராஜா. புலவர் ஐயாவை ஒரு நாள் அனுப்பிவைங்க. வசனமெல்லாம் அவருக்கு மனப்பாடம்."