ஒரு ஆள் குறையுது

"டீச்சர், எங்கயும் மாட்டிவிடாத ஒரு பாஸ்ட் டென்ஸ் இருந்தா சொல்லிக் குடுங்க. அது ஒண்ணு போதும்."

தொம்மை இப்படிக் கேட்டதும் வாஹிதா சிரித்துவிட்டாள். அவளுக்கு முப்பது வயது. அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கப்பலில் தலைமைச் சமையல்காரர். தூத்துக்குடியில் ஒரு செருப்புக் கடை மாடியில் அவள் நடத்துகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு விடாமல் வந்துகொண்டிருந்தார்.

"எதுக்குச் சிரிக்கீங்க? நமக்குப் போனேன்னா போனேன்தான். இங்கிலீஷ்காரனுக்குப் போனதுக்கு மட்டும் எத்தனை! வென்ட்டுங்கான், ஹேவ் கான்ங்கான், ஹேட் கான்ங்கான். போனது ஒரே ஆளு, சட்டை மட்டும் மூணு."

"நாளைக்கு என்ன கேப்பாங்க அண்ணாச்சி?"

கேட்கப்போவது அவருக்குத் தெரியும். கப்பல் சமையலறையில் தீப்பிடித்திருந்தது. எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைக்காமல் போனது யார் என்று கம்பெனியில் விசாரணை. பழி, உதவிச் சமையல்காரன் நிரஞ்சன் மேல் விழுந்திருந்தது. ஒடிசாக்காரன். தீயை அணைக்கப் போய்க் கை வெந்தவனும் அவன்தான். யார் பேரில் முடிகிறதோ, அவருக்கு இனிமேல் கப்பல் கிடையாது.

"எப்படி நடந்தது, என்ன செஞ்சிருந்தா நடந்திருக்காது. இதான் கேப்பாங்க. ஒரு பிழை வரக் கூடாது டீச்சர். சரியா வர்ற வரைக்கும் உங்கள விட மாட்டேன்."

"சரி, சொல்லுங்க."

தொம்மை எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இஃப் ஹீ ஹேட் ஸ்விட்ச்டு ஆஃப் த ஸ்டவ், தேர் வுட் நாட் ஹேவ் பீன் எ ஃபயர்."

அவன் அடுப்பை அணைத்திருந்தால் தீப்பிடித்திருக்காது. பிசிறே இல்லை.

"பிரமாதம். இப்ப ஆளை மாத்தி மாத்திச் சொல்லுங்க."

வகுப்பில் தினமும் எல்லோரும் கோரஸாகச் செய்கிற பயிற்சிதான். இஃப் யூ ஹேட். இஃப் ஷீ ஹேட். இஃப் தே ஹேட். கடகடவென்று ஓடியது. 'வீ' கூட வந்தது.

"ஒரு ஆள் குறையுது அண்ணாச்சி."

"எல்லாம் சொல்லிட்டனே."

வாஹிதா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"தமிழ்ல சொல்லட்டுமா? 'அடுப்பை அணைக்கல.' முடிஞ்சுது. யாருன்னு அதுல எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"நல்ல பாஷை."

"நல்ல பாஷைதான். கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாதே."

கீழே கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது படியும்வரை தொம்மை அப்படியே நின்றார்.

"இஃப் ஐ..." இருமினார். "இஃப் ஐ ஹேட் ஸ்விட்ச் ஆஃப்..."

"ஸ்விட்ச்டு. முதல்லேர்ந்து."

"போதும் டீச்சர்."

பையை எடுத்தார். வாசல் வரை போனார். செருப்பில் கால் நுழைத்தவர், அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே நின்றார்.

முதலிலிருந்து சொன்னார். முழுசாக வந்தது.

யாரும் கேட்காமலே இன்னொரு முறை சொன்னார், உரக்க.

பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு ஆபீசர் இருப்பாங்க. நிரஞ்சனும் எதிர்ல உக்காந்திருப்பான். எந்த ஆபீசரைப் பாத்துச் சொல்லணும் டீச்சர்?"

"அவங்க மூணு பேரும் கேட்டுக்கிடட்டும். நீங்க நிரஞ்சனைப் பாத்துச் சொல்லுங்க."