கிரீடத்தில் கலந்த செம்பு

முதலில் வம்புக்கு இழுத்தவன் பூவணராயன்தான். அதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

வெகு காலத்துக்கு முன்பு குருந்த நாட்டைச் செண்பகமாறன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நினைத்தால் சிரிப்பார், நினைத்தால் சீறுவார். பூவணராயன் அவருடைய கருவூலத் தலைவன். அமைச்சர் மருதவாணரைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சபை விருந்தில் அரசர் பல்லில் கல் கடிபட்டது.

"என் சோற்றிலேயே கலப்படமா?" என்று எழுந்துவிட்டார்.

பூவணராயன் மெல்லச் சிரித்தான். "அமைச்சரே கலப்புதானே அரசே! தகப்பன் இந்த நாடு, தாய் மலைக்கு அப்பால். பிறகு சோறு மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்?"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். திரைக்குப் பின்னால், ராஜமாதாவின் பக்கத்தில், மருதவாணரின் தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் மருதவாணருக்கு அன்று வாய் திறக்கவில்லை. தலை நிமிராமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிட்டோமே என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நாளை முதல் என் அரண்மனையில் தூய பொருள் மட்டுமே இருக்க வேண்டும்!" என்றார் அரசர். "கலந்ததையெல்லாம் பிரித்து வெளியேற்றுங்கள், மருதவாணரே. கடைசியில் உம்மையும் வெளியேற்றிக்கொள்ளும்."

மறுநாள் பசியோடு வந்த அரசர் முன்னால் ஒரு சுத்த வெள்ளித் தட்டு இருந்தது. அதில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சீனி. பக்கத்தில், ஆவியைக் குளிரவைத்து எடுத்த நீர்.

"சோறு எங்கே? பால் எங்கே?"

"சலித்தோ, கடைந்தோ, காய்ச்சியோ, நெருப்பில் புடமிட்டோ வேறு வேறாகப் பிரிக்க முடிந்தால் அது கலவை, அரசே. சோற்றை வடித்தால் கஞ்சி வருகிறது. பாலைக் காய்ச்சினால் நீர் போகிறது, கடைந்தால் வெண்ணெய் வருகிறது. கிணற்று நீரிலும் உப்பு இருக்கிறது. எல்லாம் வெளியே போய்விட்டன. காற்றும் கலவைதான். அதை மட்டும் வெளியேற்றத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்."

சொல்லிக்கொண்டே மருதவாணர் அரசரின் தலையிலிருந்த கிரீடத்தையும் எடுத்தார்.

"ஐயோ, அது தங்கம்!" என்று பூவணராயன் அலறினான்.

"தனித் தங்கம் நெற்றியில் வளைந்துவிடுமே, கருவூலத் தலைவரே. இதில் கலக்கச் செம்பு அளந்து கொடுத்தது தாங்கள்தானே?"

சபை சிரித்தது. பூவணராயன் தூணோடு ஒட்டிக்கொண்டான்.

"சரி, இன்னும் என்ன பாக்கி?" என்றார் அரசர்.

பாக்கி யாரென்று மருதவாணருக்குத் தெரியும். இன்னொரு தாயைச் சபைக்கு இழுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் புத்தி பூவணராயனுக்குத்தான் உண்டு.

திரை விலகியது. ராஜமாதா எழுந்து வந்தாள். "நான் பாக்கி, அமைச்சரே. கடல் தாண்டி இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நான். என் பிள்ளையையும் கலந்த பக்கமே நிறுத்துங்கள்."

அரசரின் வெறுந்தலை தொங்கிவிட்டது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அமைச்சருக்கு முத்துமாலை. பூவணராயனிடமிருந்து சாவிக்கொத்து பறிபோனது. அரண்மனை அரிசியில் கல் பொறுக்கும் வேலை அவனுக்கு.

"மாலை வேண்டாம், அரசே," என்றார் மருதவாணர். "சொன்னவரும் சிரித்தவரும் என் அம்மாவிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்."

"அதற்கென்ன, ஆகட்டும்," என்றார் அரசர்.

மருதவாணரின் தாய் வாசலில்தான் நின்றாள். பூவணராயன் முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு போனான். அரசர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டே கடந்துபோனார்.

அந்த ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை.