கரடியின் வயிற்றுக்குள் நல்லவர்கள்

மூங்கில்காட்டுக் கரடி மொந்தனின் குடலில் புற்றுக்கட்டி வந்தது. நாரை வைத்தியர் குருகம்மை தன் நீண்ட அலகால் கட்டியை அறுத்தெடுத்து, குடலைச் சேர்த்துத் தைத்தார். மொந்தன் பிழைத்துக்கொண்டது. பயம் மட்டும் போகவில்லை.

"அது திரும்பி வந்துவிட்டால்?" என்று மனைவி ஈச்சியிடம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பயத்தை மோப்பம் பிடித்து வந்தது ஒரு புனுகுப்பூனை.

"அண்ணே, உங்கள் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எல்லாம் உங்கள் எதிரிகள். என் கஷாயத்தைக் குடித்தால் ஒன்றுகூட மிஞ்சாது. அப்புறம் காட்டு விடுதியில் மனிதர்கள் வீசியெறியும் கொழுப்புக் கறியை இஷ்டம்போல் தின்னலாம். பதிலுக்கு ஒரு தேனடை போதும்."

மொந்தனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அது கஷாயச் சட்டியைத் தூக்கியதுமே ஈச்சி பிடுங்கிக்கொண்டது.

"பொறுங்கள். முதலில் நான் பார்க்கிறேன்."

காட்டெருமை கொடுத்த பாலை ஈச்சி இரண்டு சட்டிகளில் உறை ஊற்றி வைத்தது. ஒன்றில் மட்டும் கஷாயத்தைக் கலந்தது. விடிந்து பார்த்தால், ஒன்றில் கெட்டித் தயிர். கஷாயம் கலந்தது பாலாகவே கிடந்தது.

"பாலைத் தயிராக்கும் நல்ல உயிர்களையும் இது கொன்றுவிட்டதே! உங்கள் வயிற்றை மட்டும் சும்மா விடுமா?"

இருவரும் குருகம்மை இருக்கும் ஏரிக்கரைக்கு ஓடினார்கள்.

"நல்லவேளை, குடிக்கவில்லை" என்றார் குருகம்மை. "கண்ணுக்குத் தெரியாத புற்றணு ஒன்றிரண்டு உள்ளே தங்கியிருக்கலாம். சில கெட்ட கிருமிகள் தையலை அரித்து, அந்தப் புற்றணுக்கள் வேர்பிடிக்க இடம் கொடுக்கக்கூடும். கொழுப்பைத் தின்றால் அந்தக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நல்ல கிருமிகள் நிறைந்திருந்தால் அவற்றை அடக்கி வைக்கும். எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் காவலுக்கு யார் இருப்பார்கள்?"

"நல்லவற்றை வளர்த்தால் கட்டி வரவே வராதா, அம்மா?" என்று கேட்டது மொந்தன்.

"அப்படிச் சத்தியம் செய்ய மாட்டேன். வரும் வழி குறையலாம். கூப்பிடும்போதெல்லாம் சோதனைக்கு வந்துவிடு."

நல்ல கிருமிகளை வளர்க்க மொந்தன் அத்திப்பழமும் நாவல்பழமும் கிழங்கும் தின்னத் தொடங்கியது. முதலில் முணுமுணுத்தது. போகப்போக ருசி பிடித்துவிட்டது. வயிறு லேசானது, உறக்கம் வந்தது.

மழைக்காலங்கள் சில கடந்தன. ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தடவிப் பார்த்த குருகம்மை, ஒருநாள் சிறகை விரித்துச் சிரித்தார்.

"சுத்தமாக இருக்கிறது. இனி பயப்படாமல் இரு."

மொந்தன் நேரே பெரிய அத்திமரத்தில் ஏறி, கிளைகளைப் பிடித்து உலுக்கியது. பழங்கள் மழையாய்க் கொட்டின. கீழே ஈச்சி ஆட, காடே கூடித் தின்றது.

பகையை அழிக்கும் அவசரத்தில், நம்மைக் காக்கும் நட்பையும் அழித்துவிடக் கூடாது.