கடைசி மூன்று ஓட்டைகள்

"புண்ணு ஆறிருச்சாடா?" என்று கேட்டான் மாரப்பன்.

"எது?" என்றான் சென்னியப்பன்.



மாரப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தம்பி சென்னியப்பன் எட்டு வயது இளையவன். இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரே லாரி. ஓட்டுவது அண்ணன். இஞ்சினைப் பார்த்துக்கொள்வது தம்பி. இஞ்சின் தலையில் இருக்கும் ஹெட்டைக் கழற்றி மாட்டுவதில் அவனுக்குச் சமமாகப் பவானிப் பக்கம் எந்தப் பட்டறையிலும் ஆள் கிடையாது.

அதெல்லாம் எட்டு மாதத்துக்கு முன்னால்.

அன்றைக்குத் திம்பம் மலையில் ஏறும்போது வண்டி கொதித்தது. ஓரங்கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தார்கள்.

"ஆறட்டும்ணா" என்றான் தம்பி.

"ஆறுற வரைக்கும் இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா? மூடியத் திற. தண்ணி ஊத்திட்டுப் போலாம். ஒண்ணும் ஆகாது."

அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான்.

ஆவி இறங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. குனிந்து திறந்தான், அவ்வளவுதான்.

முகத்தில் தோல் போனது. கண் இரண்டும் போயின.

இப்போது அதே லாரி, தம்பி வீட்டு வாசலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

"அதே வண்டியா?" என்றான் சென்னியப்பன்.

"அதேதான்."

"அதே கோளாறா?"

"ஹெட் கேஸ்கட். பட்டறையில ரெண்டு தடவ மாத்திட்டாங்க. மறுபடி மறுபடி போகுது. நீ சொல்லிக்குடு. நான் என் கையால மாத்தறேன்."

சென்னியப்பன் ஆவிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"இன்னொண்ணும் வேணும்" என்றான் மாரப்பன். "அன்னிக்கு நடந்ததுக்கு உன் வாயால ஒரு வார்த்தை. நல்லதோ கெட்டதோ. எட்டு மாசமா நீ ஒண்ணுமே சொல்லல. எனக்குச் சோறு இறங்கலடா."

"கேஸ்கட் மாத்தணுமா, வார்த்தை வேணுமா?"

"ரெண்டும்."

"மொதல்ல கேஸ்கட்."

மாரப்பன் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பானரோடு ஏறினான்.

சென்னியப்பன் தடவித் தடவி வந்து, இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"ஆறல."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது சொல்லும்."

"லேசாத்தான சுடுது."

"சூட்டோட கழட்டினா ஹெட்டு கோணும். உக்காரு."

மாரப்பன் உட்கார்ந்தான். எழுந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

"சும்மா உக்காந்தா எனக்கு என்னென்னமோ ஞாபகம் வருதுடா."

"வரட்டும்."

சென்னியப்பனின் மனைவி பூங்கொடி ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள். ஒரு டம்ளர்தான். முன்பெல்லாம் "மாமா, மாமா" என்று மாரப்பனுக்குத்தான் முதல் டம்ளர் வரும். எட்டு மாதமாக அந்த வாயில் அவனுக்கு ஒரு சொல் இல்லை.

சென்னியப்பன் பாதி குடித்துவிட்டு மீதியை அண்ணன் பக்கம் நீட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாரப்பன் வாங்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு சென்னியப்பன் மறுபடி கையை வைத்துப் பார்த்தான்.

"ஆயில இறக்கு."

சட்டியில் ஆயில் இறங்கியது.

"என்ன நிறம்?"

"கொஞ்சம் கலங்கலா இருக்கு."

"என்ன நிறம்னு கேட்டேன்."

மாரப்பன் குனிந்து பார்த்தான்.

"பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லு. தண்ணி கலந்திருக்குது. கண்ணு இப்ப உன்னுது ஒண்ணுதான். அதுவும் மென்னு முழுங்கினா நான் எங்க போறது?"

மறுநாள் காலையில் ஹெட்டைத் தூக்கினார்கள். ஆட்டுக்கல் கனம். இரும்புக் குழாய் மூன்றைக் கட்டி நிறுத்தி, சங்கிலி போட்டு இறக்கினார்கள்.

இஞ்சினுக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கட். நெருப்பை நெருப்புப் பக்கமும் தண்ணீரைத் தண்ணீர்ப் பக்கமும் நிறுத்தி வைப்பது அதுதான்.

சென்னியப்பன் அதை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

குழந்தை ஒரு கடி கடித்துவிட்டு வைத்த பிஸ்கட் மாதிரி, விளிம்பில் நகத்தளவு எரிந்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றான் மாரப்பன்.

"இவ்வளவுதான்."

"முன்ன ரெண்டு தடவயும் இதே இடம்."

"அன்னிக்கும் இதே இடமாத்தான் இருந்திருக்கும்."

மாரப்பன் கேஸ்கட்டை வாங்கி அந்த இடத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தான்.

"எதனால ஒரே இடம்?" என்று கேட்டான்.

"போல்ட் இறங்கற ஓட்டை இருக்குதுல்ல, அதுக்கு அடியில தண்ணியோ ஆயிலோ தேங்கி நிக்கும். பட்டறைக்காரன் அப்படியே போல்ட்டப் போட்டு முறுக்கியிருப்பான். போல்ட் தண்ணிமேல முட்டி நிக்கும். அளவு வெச்ச ஸ்பானர் 'டக்'னு சத்தம் குடுத்து, இறுகிருச்சுன்னு சொல்லும். இறுகியிருக்காது."

"ஸ்பானரே பொய் சொல்லுமா?"

"அது மேல இருக்கறதத்தான சொல்லும். அடியில என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்டை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் மட்டம் பண்ணிக்கொண்டு வந்தான் மாரப்பன். வந்து, பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த இஞ்சின் முகத்தைப் பிளேடால் சுரண்டினான்.

சென்னியப்பன் விரலை ஓட்டினான்.

"இங்க."

சுரண்டினான்.

"இங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேடா!"

"கண்ணு இருக்கறவனுக்குத் தெரியாது. சுரண்டு."

மாரப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று தம்பியின் முகத்தைப் பார்த்தான். வெந்து இறுகிய தோலில் அவன் சிரிக்கிறானா இல்லையா என்பது தெரியவில்லை.

மூன்றாம் நாள் போல்ட் ஓட்டைகளைத் துடைக்கும் வேலை.

"கம்பியில துணியச் சுத்தி அடி வரைக்கும் விடு. குழந்தை காதத் துடைக்கற மாதிரி. துணி ஈரமில்லாம வர்ற வரைக்கும். ஒவ்வொண்ணும்."

மாரப்பன் துடைத்தான். ஒவ்வொரு ஓட்டையிலும் நாலைந்து துணி அழுக்கானது. உச்சி வெயில். முதுகு இற்றுப் போனது.

கடைசி மூன்று ஓட்டைகள் கேபினுக்கு அடியில் உள்ளே ஒதுங்கி இருந்தன. ஆள் படுத்து, கையை மடக்கித்தான் விட முடியும். ஒரு தடவை விட்டுப் பார்த்தான். கம்பி பாதியில் முட்டியது. துணியை மேலோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்துவிட்டான்.

"துடைச்சிட்டியா?"

"துடைச்சிட்டேன்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

சென்னியப்பன் நாலு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் எவ்வளவு தூரம் போகும்? பாதி ஆழம்கூடப் போகாது.

"சரி. நீ சொன்னாச் சரி."

புதுக் கேஸ்கட்டை வைத்தார்கள். ஹெட்டை இறக்கினார்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக முறுக்கச் சொன்னான் சென்னியப்பன். அளவு வந்ததும் ஸ்பானர் "டக்" என்று விட்டது. ஒவ்வொரு போல்ட்டும் இழு இழு என்று இழுத்த பிறகுதான் "டக்."

கடைசி மூன்றும் சீக்கிரமே "டக்", "டக்", "டக்."

சென்னியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

மாரப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

மற்றதையெல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது வெயில் இறங்கியிருந்தது. மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு தம்பி முன்னால் வந்து நின்றான்.

"கேஸ்கட் மாத்தியாச்சு."

"ம்."

"அந்த வார்த்தை?"

"இன்னும் பாக்கலையே."

"என்ன பாக்கணும்?"

"ரேடியேட்டர் மூடியத் திறந்து வெச்சு ஓட்டணும். நல்லாச் சூடேறணும். கேஸ்கட் கெட்டிருந்தா உள்ளே தண்ணியில குமிழி வரும்."

"நான் பாக்கறேன். நீ தள்ளி உக்காரு."

"நீ இங்க நின்னா ஆக்சிலேட்டர யார் மிதிக்கறது? ஏறு. நான் காதுல கேட்டுக்கறேன்."

சென்னியப்பன் வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு வந்தான். கை ரேடியேட்டர் மூடியைத் தேடிப் பிடித்தது. எட்டு மாதம் கழித்து அதைத் தொடுகிறான். ஆறிக் கிடந்த மூடியைத் திருகிக் கையில் எடுத்துக்கொண்டான்.

பிறகு குனிந்து, அந்தத் திறந்த வாய்மேல் காதையும் கன்னத்தையும் கொண்டுபோனான்.

"டேய், சீறினா?"

"சீறினா கேஸ்கட் போச்சுன்னு அர்த்தம்."

"உன் மூஞ்சி என்னடா ஆகறது?"

"வெந்த மூஞ்சிதான? இனி பொண்ணு பாக்கவா போறேன்?"

"வெளையாடாத. தள்ளி நில்லு."

"உன் கை மாட்டினது. எனக்கென்ன பயம்? ஸ்டார்ட் பண்ணு."

மாரப்பன் ஏறினான். சாவியைத் திருப்பினான். இஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

கண்ணாடி வழியாகத் தம்பியின் பின்மண்டையும், பளபளவென்று இறுகிய ஒரு பக்கக் கழுத்தும் தெரிந்தன.

"மிதி!" என்று கையைக் காட்டினான் சென்னியப்பன்.

மிதித்தான்.

சூடு காட்டும் முள் கிடந்த இடத்தை விட்டு எழுந்தது.

பூங்கொடி டம்ளரோடு வெளியே வந்தவள், வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் எங்கே குனிந்திருக்கிறான் என்று பார்த்தாள். கேபினில் யார் உட்கார்ந்திருப்பது என்று பார்த்தாள்.

"இன்னும்!" என்று கை காட்டினான் சென்னியப்பன்.

முள் கால்வாசி ஏறியது.  இஞ்சின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மாரப்பனுக்கு மூன்று "டக்" மட்டும் கேட்டது.

முள் பாதிக்கு வந்தது.

"மாமா" என்றாள் பூங்கொடி.

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். உதடு அசைந்ததில்தான் மாரப்பனுக்குத் தெரிந்தது.

அவன் இஞ்சினை நிறுத்தினான். கதவைத் திறந்து குதித்தான். ஓடிப்போய்த் தம்பியைத் தோளோடு பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

"துடைக்கலடா" என்றான். "மூணு ஓட்டை துடைக்கல."

சென்னியப்பன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். கன்னம் ஈரமாக இருந்தது. ரேடியேட்டரிலிருந்து வந்த ஆவியா, குமிழி தெறித்த தண்ணீரா, தெரியவில்லை.

"எந்த மூணு?"

"கடைசி மூணு. கை போகல. போகலன்னு விட்டுட்டேன். கேட்டதுக்குப் பொய் சொன்னேன்."

"ம்."

"அன்னிக்கும் எனக்குத் தெரியும்டா. திறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீ ஆறட்டும்னு சொன்ன. எனக்குப் பொறுக்கல. தெரிஞ்சுதான் திறக்கச் சொன்னேன்."

வாசல்படியில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

மாரப்பன் கண்ணைத் துடைக்கவில்லை. எழுந்து ஸ்பானரை எடுத்தான். வண்டியில் ஏறி, இப்போதே எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுகிறவன் மாதிரி முதல் போல்ட்டில் மாட்டினான். இரும்பு கையைச் சுட்டது. அவன் விடவில்லை.

பின்னாலேயே தடவிக்கொண்டு ஒரு கை வந்தது. ஸ்பானரைத் தொட்டது. அதன் வழியே நகர்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஆறட்டும்ணா" என்றான் சென்னியப்பன்.