மொட்டைக் கருவேலத்தில் ஏறிய நீர்க்காகம்

ஏரி நடுவே கருவேல மரங்கள் நின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு நீர்க்காகம் கூடு கட்டியிருந்தது. கன்னங்கரேலென்று இருந்த அதற்குப் பெயர் வெள்ளையம்மா. கூட்டில் மூன்று குஞ்சுகள். மூன்றும் பொழுதுக்கும் வாயைத் திறந்தபடியே இருக்கும்.

குஞ்சு பொரித்த வாரம் வெள்ளம் வந்து ஏரி சேறாகக் கலங்கியது. மூழ்கினால் தன் அலகு தனக்கே தெரியவில்லை. பத்து நாள் ஒரு மீனும் அகப்படவில்லை. வெள்ளையம்மா கரையோரம் நின்று பிடிக்கிற கொக்கிடம் கடன் வாங்கியது. பிறகு நீர்நாயிடம். கடைசியில், வாய்க்காலில் மீன் பிடிக்கும் மீன்கொத்தியிடமும் வாங்கியது.

தண்ணீர் தெளிந்தது. வட்டியோடு தவணை தொடங்கியது. தினம் கொக்குக்கு ஏழு மீன், நீர்நாய்க்கு ஐந்து, மீன்கொத்திக்கு இரண்டு. ஆகப் பதினான்கு. நாளெல்லாம் மூழ்கினாலும் வெள்ளையம்மாவால் பன்னிரண்டுக்கு மேல் பிடிக்க முடியாது.

குறைகிற மீனையும் குஞ்சுகளுக்கு வேண்டியதையும் கொக்கே சிரித்துக்கொண்டு கொடுக்கும். "இதையும் சேர்த்துக்கலாம் தங்கச்சி. நமக்குள்ள என்ன?" தவணை அதேதான். அது முடிகிற நாள்தான் நீண்டுகொண்டே போயிற்று.

நீர்க்காகத்தின் இறகு நனையும் இறகு. மூழ்கி எழுந்தால் சிறகை விரித்து வெயிலில் காயவைத்தாக வேண்டும். வெள்ளையம்மாவுக்கு அதற்கு ஏது நேரம்? ஈரத்தோடு மூழ்கியது, ஈரத்தோடு உறங்கியது. உடம்பு நாளுக்கு நாள் கனத்தது. ஒரு நாள், அடியிலிருந்து மேலே வர மூன்று முறை உந்த வேண்டியிருந்தது.

பக்கத்துக் கிளையில் சிறகை விரித்து உட்கார்ந்திருந்த பாம்புத்தாரா அதைப் பார்த்துவிட்டது.

"ஏண்டி, இப்படியே போனா ஒருநாள் உள்ளயே தங்கிடுவே. மொட்டைக் கருவேலத்துக்குப் போயேன்."

"அங்கயா? ஏரி முழுக்கத் தெரிஞ்சுபோகுமே."

"இப்ப மட்டும் தெரியாதாக்கும். நீர்நாய் உன் பேரைச் சொல்லித்தான் பிள்ளைங்களையே எழுப்புது. 'எந்திரிங்க, வெள்ளையம்மா மீன் கொண்டு வர்ற நேரம்'னு."

வெள்ளையம்மாவுக்கு அழுகை வரப் பார்த்தது. வந்தது என்னவோ சிரிப்புதான்.

மொட்டைக் கருவேலம் இலையே இல்லாத பட்ட மரம். கடனைக் கட்ட முடியாதவர் அதன் தாழ்ந்த கிளையில் வந்து உட்காரலாம். உட்கார்ந்தால், கடன் கொடுத்த எல்லோரையும் ஏரியின் மூத்த பறவையான கூழைக்கடா அழைத்து ஒரு ஏற்பாடு செய்யும். ஆனால் ஒரு கடனையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் ஏற்பாடு செல்லாது. அது ஏரியின் சட்டம்.

மறுநாள் காலை வெள்ளையம்மா போய் உட்கார்ந்தது. கொக்கு வந்தது. மரமேற முடியாத நீர்நாய் கீழே தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, "எனக்குக் கழுத்து வலிக்குது, சீக்கிரம் முடிங்க" என்றது.

கூழைக்கடா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டது: "யார் யாருக்குக் கடன்?"

"கொக்கண்ணனுக்கு. நீர்நாயாருக்கு. அவ்வளவுதான்."

மீன்கொத்தியின் பெயரைச் சொல்ல அதற்கு நா எழவில்லை. தன்னில் கால்வாசிகூட இல்லாத ஒன்றிடம் கையேந்தியதைச் சபையில் எப்படிச் சொல்வது? அந்த இரண்டு மீனை ரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தது.

"வேற யாருமில்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லு. பொய்யா இருந்தா நாளைக்கே இது கலைஞ்சுடும்."

குஞ்சுகள் கத்துவது காற்றில் கேட்டது. ஈரச் சிறகு முதுகை அழுத்தியது.

"மீன்கொத்திக்கும் உண்டு, ஐயா" என்றது வெள்ளையம்மா மெல்ல.

கோரைப்புல்லில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி விர்ரென்று பறந்து வந்தது. "அப்பாடா, என்னையும் சொன்னியே அக்கா! நான் கடன் குடுத்தவன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

ஏரியே சிரித்தது.

கூழைக்கடா தீர்ப்பைச் சொன்னது. "பிடிக்கிறது பன்னிரண்டு. முதல் அஞ்சு உன் கூட்டுக்கு. அப்புறம் உன் சிறகு காயற வரைக்கும் யாரும் உன்னைக் கூப்பிடக் கூடாது. மீதி ஏழு இவங்க மூணு பேருக்கும், அவங்கவங்க தவணையில பாதி. இனி வட்டி கிடையாது. அடுத்த மழையில ஏரி நிரம்பி வழியற அன்னிக்கு மிச்சம் எல்லாம் தள்ளுபடி. அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் கடன் வாங்கக் கூடாது."

"ஏழுல பாதி மூணரை. அரை மீனை நான் எப்படி வாங்கறது?" என்றது கொக்கு.

"ஒருநாள் தலை, மறுநாள் வால்."

"எனக்கு முழுசாத்தான் வேணும்."

"பேசாம இரு நெட்டையா" என்றது நீர்நாய் கீழிருந்து. "இவ மூழ்கிப்போனா நமக்கு வாலும் கிடைக்காது."

அன்று நண்பகல் வெள்ளையம்மா சிறகை அகல விரித்து உட்கார்ந்தது. வெயில் ஒவ்வோர் இறகாகத் தொட்டுக்கொண்டு போனது. வயிறு நிறைந்த குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. அவற்றின் வாய் மூடியிருந்ததை அது அன்றுதான் பார்த்தது.

மறுநாள் கொக்கு மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. "தங்கச்சி, கொழுத்த கெண்டை ரெண்டு இருக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம். அப்புறம் பாத்துக்கலாம்."

வெள்ளையம்மா விரித்த சிறகை மடிக்கவே இல்லை. "வேண்டாம் அண்ணே. என் கடன் என்னன்னு ஏரிக்கே தெரியும். உங்களுக்கும் எனக்கும் இனிமே ரகசியம் எதுக்கு?"

கொக்கு காலை மாற்றி வைத்தது. பிறகு கெண்டையைத் தானே தின்றுவிட்டுப் பறந்து போயிற்று.

தாங்க முடியாத கடனை இன்னொரு கடனால் மூடி மறைப்பதைவிட, ஒன்று விடாமல் வெளியே சொல்லி முறைப்படி தீர்வு கேட்பதே உயிரையும் மானத்தையும் காக்கும்.