குறிக்கட்டைகள் வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், முதலையும் முயலும் மனிதரோடு வழக்காடிய நாளில், ஆப்பிரிக்காவின் ஷோனா இன வைத்தியர்களின் குறிக்கட்டைகளுக்கும் பேச்சு இருந்தது. விரல் நீளத்தில் நான்கு மரக்கட்டைகள். ஒன்றில் முதலை செதுக்கியிருக்கும். வீசிப் போட்டால் நோய்க்குக் காரணம் சொல்லும். குரல் மட்டும் எறும்பு ஊர்கிற சத்தம்தான். குனிந்து காது கொடுக்க வேண்டும்.

ஞெம்பேசி என்பவளின் மகனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். விடும், மறுபடி ஏறும். அன்று காலை கஞ்சித் தண்ணீரும் உள்ளே இறங்கவில்லை. அவள் பதறிப்போய் அடுத்த வீட்டு வைத்தியர் கும்போவிடம் ஓடினாள்.

கும்போ கட்டைகளை வீசினார். அவள் வாய் ஓயவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை நெருப்பாகக் கொதிக்கும்போது எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

"ஐயா, இது நம்ம ஊரு சாருவோட வேலைதான். விதைக் கேழ்வரகு கேட்டா, நான் இல்லைன்னுட்டேன். சண்டை போட்டுட்டு, பிள்ளையையே வெறிச்சுப் பார்த்துட்டுப் போனா. அப்புறந்தான் காய்ச்சல். என் பிள்ளை பொழைப்பானா ஐயா?"

"பாயைத் தூக்கிப் பார்" என்று முதலைக்கட்டை முணுமுணுத்தது. கும்போவின் காதில் விழவில்லை. அந்தச் சண்டையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவரும் கேட்டவர்தானே.

"சாருதான்" என்றார்.

ஊர் திரண்டு சாருவை ஆற்றுக்கு விரட்டியது.

"நான் ஒண்ணும் செய்யலை! அவன் கண்ணு மஞ்சளா இருந்துச்சு, அதான் பார்த்தேன்!" என்று அவள் கத்தினாள். யார் கேட்டார்கள்? ஆறு கரை புரண்டு ஓடியது. அக்கரைக்குப் போ என்று இறக்கிவிட்டார்கள்.

காய்ச்சல் குறையவில்லை. ஞெம்பேசி பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மலை தாண்டி, முன்பின் தெரியாத ஒரு வைத்தியர் வீட்டுக்கு நடந்தாள். நான் திரும்புவதற்குள் போய்விடுவானோ என்று ஒவ்வோர் அடியிலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டிருந்தது. கைகளைத் தட்டி வணங்கி, பேசாமல் உட்கார்ந்தாள்.

அந்த வைத்தியருக்கு அவளையும் தெரியாது, சாருவையும் தெரியாது. கட்டைகளை வீசிவிட்டுக் குனிந்தார்.

"வீட்டுல பாயைத் தூக்கிப் பாரும்மா. உண்ணி இருக்கும்" என்று சொல்லி ஒரு வேரும் கொடுத்தார்.

பாய்க்கு அடியில் ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள் கிடந்தன. மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து கஞ்சி கேட்டான். ஞெம்பேசி ஆற்றங்கரைக்கு ஓடி, "சாரு! சாரு!" என்று கூப்பிட்டாள். பல நாள் கூப்பிட்டாள். அக்கரையிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

கும்போ தம் கட்டைகளிடம் சீறினார். "அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"சொன்னோம். உமக்குத்தான் முன்னமே எல்லாம் தெரிந்திருந்ததே" என்றது முதலைக்கட்டை. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்தக் கட்டையும் பேசவில்லை.

அன்று முதல்தான் குறிக்கட்டைகள் விழுந்தபடி சும்மா கிடக்கின்றன; அவை விழுந்த விதத்தைப் பார்த்துத்தான் வைத்தியர்கள் குறி சொல்கிறார்கள். குறி கேட்கப் போகிறவர்களும் சொந்த ஊர் வைத்தியரின் வாசலைத் தாண்டி, தங்களைத் தெரியாத ஒருவரைத் தேடி நடக்கிறார்கள். அங்கே கைதட்டி உட்கார்ந்த பிறகு, யார்மேல் சந்தேகம் என்று வாய் திறப்பதே இல்லை.