உப்புப் பார்த்தவள்

"எனக்குக் கைராசி இல்லைக்கா. நான் நூல் மில்லுக்கே போயிடறேன்" என்றாள் மேகலா.

கோமதி உள்ளூரில் விளைகிற கொள்ளு வாங்கி, வறுத்துப் பொடியாக்கி டவுன் கடைக்குக் கொடுத்துவந்தாள். அவளிடம் தொழில் பழக வந்தவள் மேகலா. கோமதி பக்கத்தில் நின்றவரைக்கும் ஒரு குறையும் இல்லை. தனியாகச் செய்த பொடி மட்டும் இரண்டு தடவை கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஒரு தடவை ஒரே கரிப்பு. மறு தடவை உப்பே இல்லை.

மூன்றாவதும் இப்படி வந்தால் இனிமேல் வாங்குவதாக இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மில் வேன் வருகிறது. ஏறிவிட்டால் மூன்று வருஷம் மில் விடுதியில்தான்.

கோமதி கொள்ளு மூட்டையைக் காட்டினாள்.

"வறு."

மேகலா வறுத்தாள். மிளகாய், சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து அரைத்தாள். உப்பைப் போட்டுக் கலந்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"வாசனை நல்லா இருக்குக்கா."

"நான் உப்பைக் கேட்டேன்."

"நீங்களே வாயில போட்டுப் பாருங்களேன்."

"எனக்குச் சளி. ஒண்ணும் தெரியாது. உன் நாக்கை என்ன வாடகைக்கு விட்டிருக்கியா?"

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்ல அடுப்படியில ருசி பார்க்கக் கூடாதுக்கா. எச்சில் ஆயிடும். முதல்ல சாமிக்கு."

"அது சரிதானே" என்றாள் கோமதி.

ஒரு கிண்ணத்தில் பொடியை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். விளக்கேற்றினாள். சும்மா பேருக்கு இல்லை, கண்ணை மூடி நிதானமாகவே கும்பிட்டாள். மேகலாவும் கும்பிட்டாள்.

"சாமிக்கு ஆச்சு. அடுத்து யாரு?"

"அப்பா."

"அப்புறம்?"

"அண்ணன். அண்ணன் பசங்க."

"நீ?"

"நானும் அம்மாவும் கடைசில. அதுக்குள்ள உப்பு கூடவா, குறையவான்னு அவங்களே சொல்லிடுவாங்க."

கோமதி வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இங்க அவங்க யாரையும் காணோமே."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

கோமதி சட்டியிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்தாள். பொடியைத் தூவி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தாள். ஓர் உருண்டை பிடித்து மேகலாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

மேகலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"குறைச்சல்" என்றாள்.

"எவ்வளவு?"

"அரைப் பிடி."

கோமதி உப்புச் சாடியைத் திறந்து, உள்ளே கையை விட்டாள்.

"இருங்கக்கா" என்றாள் மேகலா. "உங்க கை பெரிசு. நான் சொன்னது என் கைக்கு."